நாய் நல்லது செய்யும்போது கவனியுங்கள்: பரிசு கொடுத்துப் பழக்க ஒரு முழு வழிகாட்டி

நாய் வளர்க்கும் வீடுகளில் நாயின் பெயர் அதிகம் கூப்பிடப்படுவது அது ஏதாவது வம்பு செய்யும்போதுதான். செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடினால் வீடே பின்னால் ஓடும். கேட்டில் நின்று குரைத்தால் உள்ளேயிருந்து யாராவது எழுந்து வருவார்கள். அதே நாய் மதியம் முழுக்கக் கதவோரம் சத்தமில்லாமல் படுத்திருந்தால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அப்பாடா, தூங்குகிறது என்று நம் வேலையைப் பார்க்கிறோம்.

நாயின் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு ரொம்பச் சுலபம். செருப்பை எடுத்தால் எல்லோரும் வருகிறார்கள், துரத்துகிறார்கள், ஒரே கொண்டாட்டம். படுத்திருந்தால் ஒன்றும் நடப்பதில்லை. நாளைக்கு அது எதைச் செய்யும்?

எதற்குப் பலன் கிடைக்கிறதோ அதை விலங்கு திரும்பச் செய்யும். எட்வர்ட் தார்ண்டைக் என்ற அமெரிக்கர் 1898-லேயே பூனைகளைக் கூண்டுக்குள் வைத்து இதைப் பார்த்தார். தாழ்ப்பாளைத் தட்டித் திறந்தால் வெளியே வரலாம், சாப்பாடும் உண்டு. முதலில் கண்டபடி பிராண்டிய பூனைகள், போகப்போக நேராகத் தாழ்ப்பாளுக்கே போயின. பின்னால் ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை விரிவாக ஆராய்ந்தார். இன்று உலகம் முழுக்க நடக்கும் நாய்ப் பயிற்சியில் பெரும்பகுதிக்கு அடிப்படை இதுதான்.

ஆகவே பரிசு கொடுப்பது நீங்கள் புதிதாக ஆரம்பிக்கப்போகும் வேலை இல்லை. அது உங்கள் வீட்டில் ஏற்கெனவே தினமும் நடக்கிறது, பெரும்பாலும் தப்பான நேரத்தில், தப்பான காரியத்துக்கு. அதை நம் கைக்குக் கொண்டுவருவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

"தீனி கொடுத்துப் பழக்கினால் அது லஞ்சம் மாதிரி ஆகிவிடாதா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். லஞ்சம் முன்னால் காட்டப்படுவது, சம்பளம் வேலை முடிந்தபின் வருவது. பிஸ்கட்டை ஆட்டிக் காட்டி "வா, வா" என்று கெஞ்சினால் லஞ்சம். கூப்பிட்டதும் வந்த பிறகு பையிலிருந்து எடுத்துக் கொடுத்தால் சம்பளம். கீழே வரும் படிகள் எல்லாம் சம்பளக் கணக்கில்தான்.

முதல் படி: இப்போது எதற்குப் பரிசு போகிறது என்று பாருங்கள்

இரண்டு நாள் ஒன்றையும் மாற்ற வேண்டாம். ஒரு தாளில் மட்டும் எழுதி வையுங்கள்: நாய் என்ன செய்தது, உடனே என்ன கிடைத்தது.

எழுத ஆரம்பித்தால் சிரிப்பு வரும். சாப்பாட்டு நேரத்தில் மேஜைக்குக் கீழே வந்து முனகுகிறது, தாத்தா யாருக்கும் தெரியாமல் அப்பளத் துண்டைப் போடுகிறார். வருபவர் மேல் தாவுகிறது, அவர் இரண்டு கையாலும் தள்ளிவிடுகிறார். நமக்கு அது தள்ளல், நாய்க்கு அது தொட்டு விளையாடுவது. நடைப்பயிற்சிக்குக் கயிற்றை எடுத்ததும் குதிக்கிறது, குதிக்கக் குதிக்க அவசரமாகக் கயிற்றை மாட்டி வெளியே கூட்டிப் போகிறோம். கேட்டில் குரைக்கிறது, தபால்காரர் போய்விடுகிறார். அவர் தன் வேலை முடிந்து போனார். ஆனால் நாய், தான் குரைத்துத்தான் விரட்டினோம் என்று வைத்துக்கொள்கிறது.

திட்டுவதும் சில நாய்களுக்குப் பரிசுதான், குறிப்பாகப் பகல் முழுக்கத் தனியாக இருக்கும் நாய்களுக்கு. முகத்தைப் பார்த்துப் பேச ஒரு ஆள் கிடைத்ததே!

இரண்டாம் படி: உங்கள் நாய்க்கு எது பரிசு?

இதை நீங்கள் முடிவு செய்ய முடியாது, நாய்தான் சொல்ல வேண்டும். தலையில் தட்டிக்கொடுத்தால் நாய்க்குப் பிடிக்கும் என்று நாம் நினைக்கிறோம். தலைக்கு மேல் கை வரும்போது பல நாய்கள் லேசாகக் குனியும், காதை மடிக்கும். கூர்ந்து பார்த்தால் தெரியும். மார்பிலோ கழுத்தோரத்திலோ சொறிந்துவிட்டு, கையை எடுத்துப் பாருங்கள். நெருங்கி வந்தால் பிடித்திருக்கிறது. விலகி நின்று உடம்பை உதறினால் பிடிக்கவில்லை.

தீனியைச் சோதிப்பதும் எளிது. கேரட், சாதாரணப் பிஸ்கட், பனீர், வேகவைத்த கோழி என்று நாலைந்தைச் சிறு துண்டுகளாக வைத்து, எதற்கு முதலில் ஓடுகிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று தரம் பார்த்தால் வரிசை தெரிந்துவிடும். வீட்டுக்குள் சுலபமான வேலைக்குக் கடைசியில் இருப்பது போதும். தெருவில், மற்ற நாய்களுக்கு நடுவில், முதலிடத்தில் இருப்பதுதான் வேலைக்கு ஆகும்.

தீனி இல்லாத பரிசுகளும் நிறைய உண்டு. கதவு திறப்பது, கயிற்றைக் கழற்றிவிடுவது, பந்தை எறிவது, மின்கம்பத்தை மோந்து பார்க்க விடுவது. நாட்டு நாய்களுக்கு இந்தக் கடைசி ஒன்று கோழிக்கறிக்குச் சமம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற தென் மாவட்ட வேட்டை நாய்களை வளர்ப்பவர்கள் ஓட்டத்தையே பரிசாக வைக்கலாம். சுற்றுச்சுவர் உள்ள இடத்தில் "உட்காரு" என்று சொல்லி, உட்கார்ந்ததும் ஓடவிட்டால், நாலு நாளில் அது தானாகவே உட்கார்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கும்.

மூன்றாம் படி: தீனி தயாரிப்பு

கடையில் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. 100 கிராம் கோழி ஈரலை உப்பு, மஞ்சள், மசாலா எதுவும் போடாமல் வேகவையுங்கள். ஆறியதும் நறுக்கி, எண்ணெய் விடாத தோசைக்கல்லில் சிறு தீயில் ஈரம் வற்றும்வரை புரட்டினால் கையில் ஒட்டாது. பிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். ஈரலில் வைட்டமின் ஏ அதிகம் என்பதால் தினமும் அதையே கொடுக்காமல் கோழி மார்புக்கறி, முட்டை, பனீர் என்று மாற்றிக்கொள்ளுங்கள். சைவ வீட்டுக்குப் பனீர், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வெள்ளரி போதும்.

அளவில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். ஒரு முழு பிஸ்கட் வேண்டாம். நடுத்தர நாய்க்குப் பட்டாணி அளவு, சின்ன நாய்க்கு அதில் பாதி. நாய்க்குத் துண்டின் பெரிசு முக்கியம் இல்லை, எத்தனை தடவை கிடைக்கிறது என்பதுதான் கணக்கு. நாளின் மொத்த உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பரிசுத் தீனி போகக் கூடாது. பயிற்சி அதிகம் நடக்கும் நாளில் தட்டில் போடும் சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கொடுக்கவே கூடாதவை: சாக்லேட், வெங்காயம், பூண்டு, திராட்சை. உலர் திராட்சையும் ஆகாது. பாயசத்திலும் கேசரியிலும் கிடப்பதை எடுத்துப் போடும் பழக்கம் பண்டிகை நாளில் பல வீடுகளில் உண்டு. சிறுநீரகத்தையே கெடுத்துவிடும், எந்த நாய்க்கு எந்த அளவு கெடுதல் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. சைலிட்டால் சேர்த்த சர்க்கரையில்லா இனிப்பும் சூயிங்கமும் அதைவிட வேகமாக நாயைச் சாய்க்கும். வேகவைத்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். கருவாடு வாசத்துக்கு நாய் பறக்கும்தான், ஆனால் அவ்வளவு உப்பு அதற்கு ஆகாது.

நான்காம் படி: அடையாளச் சொல்

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம். மற்றதை மேலோட்டமாகப் படித்தாலும் இதை நிதானமாகப் படியுங்கள்.

நாய் உட்காருகிறது. நீங்கள் பையில் கைவிட்டுத் துண்டை எடுத்து நீட்டுவதற்குள் அது எழுந்து, ஒரு குரை குரைத்து, உங்கள் முழங்காலில் காலை வைத்துவிட்டது. இப்போது துண்டு வாயில் போகிறது. எதற்குக் கிடைத்தது? நீங்கள் உட்கார்ந்ததற்குக் கொடுத்தீர்கள், நாய் தாவியதற்கு வாங்கிக்கொண்டது. நாலு நொடி தாமதத்தில் பாடமே மாறிவிட்டது.

டால்பின் பழக்குபவர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. தண்ணீருக்கு மேலே பாய்ந்திருக்கும் டால்பினின் வாயில் அந்த நொடியில் மீனைப் போட முடியாது. அதனால் சரியான பாய்ச்சல் நடக்கும் அதே நொடியில் விசில் ஊதுவார்கள், மீன் பிறகு வரும். ஸ்கின்னரிடம் படித்த கெல்லர் பிரேலண்ட், மரியன் பிரேலண்ட் தம்பதி 1940-களிலேயே விலங்குகளுக்கு இப்படி ஒலியைப் பயன்படுத்தினார்கள். 1960-களில் ஹவாயில் டால்பின் பழக்கிய கேரன் பிரையர் 1990-களில் இதே முறையை நாய் வளர்ப்பவர்களிடம் பரவலாக்கினார். விசிலுக்குப் பதில் 'டிக்' என்று ஒலிக்கும் சின்னக் கிளிக்கர் வந்தது.

கிளிக்கர் வாங்கலாம், வாங்காவிட்டாலும் குறை இல்லை. ஒரு சொல் போதும். குட்டையாக, தினப்பேச்சில் அதிகம் வராததாக இருக்கட்டும். "சரி" வேண்டாம், தொலைபேசியில் பேசும்போதே நூறு தடவை சொல்லிவிடுவோம். "யெஸ்" நன்றாக வேலை செய்யும். எங்கள் வீட்டில் "சபாஷ்". நாக்கை மடித்து "டொக்" என்று ஒலி எழுப்பினாலும் சரிதான்.

நாய்க்கு அந்தச் சொல்லின் மதிப்பை முதலில் புரிய வைக்க வேண்டும். அமைதியான அறையில் 15 துண்டுகளோடு உட்காருங்கள். நாயிடம் எதுவும் கேட்காதீர்கள். "சபாஷ்" என்று சொல்லுங்கள், சொல்லி முடித்த பிறகு கையை அசைத்து ஒரு துண்டு கொடுங்கள். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி. 15 துண்டும் தீர்ந்தால் அன்றைய வேலை முடிந்தது. சொல் முந்த வேண்டும், கை பிந்த வேண்டும். இரண்டும் சேர்ந்தே நடந்தால் நாய் கையைத்தான் பார்க்கும், சொல் காதில் ஏறாது.

இரண்டு மூன்று நாள் கழித்து, நாய் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்போது சொல்லிப் பாருங்கள். தலை வெடுக்கென்று திரும்பினால் அடுத்த படிக்குப் போகலாம். திரும்பாவிட்டால் இன்னும் இரண்டு நாள்.

ஒரு நிபந்தனை. அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் தீனி கொடுத்தே ஆக வேண்டும், வாய் தவறிச் சொன்னாலும் சரி.

ஐந்தாம் படி: தானாகச் செய்வதைப் பிடியுங்கள்

கட்டளையில் ஆரம்பிக்க வேண்டாம். நாய் ஒரு நாளில் எத்தனையோ தடவை தானாகவே உட்காருகிறது, படுக்கிறது, நம் முகத்தைப் பார்க்கிறது. சமையலறையில், கூடத்தில், வாசலருகே சின்ன டப்பாவில் தீனி வைத்துக்கொள்ளுங்கள். நல்லது ஒன்று கண்ணில் பட்டதும் "சபாஷ்", ஒரு துண்டு. அவ்வளவுதான். ஒரு வாரத்தில் வீட்டில் நல்லது அதிகமாக நடப்பது கண்ணுக்குத் தெரியும்.

அமைதியாகப் படுத்திருக்கும் நாய்க்குக் கொடுக்கும்போது துள்ளலான குரல் வேண்டாம். சத்தமில்லாமல் போய் முன்னங்காலுக்கு நடுவே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். எழுந்து பின்னாலேயே வந்தால் கண்டுகொள்ள வேண்டாம், மறுபடி படுத்ததும் ஒன்று.

பிறகு "உட்காரு". துண்டை மூக்குக்கு அருகில் பிடித்து மெதுவாகத் தலைக்கு மேலே பின்பக்கமாக நகர்த்துங்கள். மூக்கு மேலே போகும், பின்பக்கம் கீழே இறங்கும். தரையைத் தொட்ட நொடியில் "சபாஷ்". துண்டை வைத்து நாலைந்து தடவை செய்தால் போதும். அதன்பின் வெறுங்கையால் அதே அசைவு, தீனி பையிலிருந்து வரட்டும். இதைத் தள்ளிப்போட்டால், கையில் பிஸ்கட் இருந்தால் மட்டும் உட்காரும் நாய்தான் மிஞ்சும். நாம் பார்க்கும் பாதி நாய்கள் அந்த ரகம். கை அசைவுக்கு நம்பகமாக உட்கார்ந்த பிறகுதான் "உட்காரு" என்ற சொல். சொல் முதலில், அரை நொடி கழித்து அசைவு.

வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். அம்மா "உக்காரு", அப்பா "சிட்", பையன் "சிட் டவுன்டா" என்றால் நாய் என்ன செய்யும், பாவம். பிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்.

ஒரு பயிற்சி மூன்றிலிருந்து ஐந்து நிமிடம். அதற்கு மேல் நாய்க்கும் நமக்கும் அலுக்கும். கோடையில் வெளியே பயிற்சி என்றால் காலை ஏழுக்கு முன், மாலை வெயில் தாழ்ந்த பின். புறங்கையைத் தரையில் ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் அங்கே வேண்டாம்.

ஆறாம் படி: கஷ்டத்தை ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள்

கூடத்தில் சொன்னபடி கேட்கும் நாய் தெருவில் கேட்காதது திமிர் இல்லை. அதற்குக் கூடத்து "உட்காரு" வேறு, தெருவோரத்து "உட்காரு" வேறு. எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், சுற்றிலும் என்ன நடக்கிறது என்ற மூன்றில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். தூரத்தைக் கூட்டும்போது நேரத்தைக் குறையுங்கள். புது இடத்துக்குப் போனால் முதல் வகுப்பிலிருந்து ஆரம்பியுங்கள், பரிசும் உயர்ந்ததாக இருக்கட்டும். பத்தில் எட்டுத் தடவை சரியாக வந்தால் அடுத்த கட்டம். பாதிக்குப் பாதி தவறினால் ஒரு படி கீழே இறங்குங்கள்.

தீனியை எப்போது குறைக்கலாம்? பழகும் காலத்தில் ஒவ்வொரு தடவையும் கொடுக்க வேண்டும். நன்றாகப் படிந்த பிறகு இரண்டுக்கு ஒன்று, அப்புறம் நாலுக்கு ஒன்று, திடீரென்று அடுத்தடுத்து இரண்டு என்று ஒழுங்கில்லாமல் கொடுங்கள். எப்போது வரும் என்று தெரியாத பரிசு பழக்கத்தை இறுக்கிப் பிடிக்கும். இடையில் வாய்ப் பாராட்டும், கதவு திறப்பதும் பரிசாகும். முழுக்க நிறுத்தினால் கொஞ்ச நாளில் பழக்கமும் நிற்கும்.

வருபவர் மேல் தாவும் நாய்

திட்டிப் பயனில்லை என்று எல்லோருக்கும் தெரியும். வருபவர்களும் கெடுத்துவிடுவார்கள். "பரவால்ல, எனக்கு நாய் பிடிக்கும்" என்று அவரே இரண்டு கையையும் நீட்டுவார். ஆகவே முதலில் வீட்டு ஆள் ஒருவரை விருந்தாளி ஆக்குங்கள்.

நாயின் கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். நடிப்பு விருந்தாளி நாலடி தள்ளி நிற்கட்டும். நாலு காலும் தரையில் இருந்தால் "சபாஷ்", துண்டைத் தரையில் போடுங்கள். கையை உயர்த்திக் கொடுத்தால் வாங்குவதற்கே எழும்பும், அதனால் இந்தப் பயிற்சியில் தீனி எப்போதும் கீழேதான். விருந்தாளி ஓர் அடி முன்னே வரட்டும். நாய் தாவினால் பேச்சில்லாமல் திரும்பி இரண்டடி பின்னே போகட்டும். நாலு காலும் இறங்கியதும் மறுபடி முன்னே. தாவினால் ஆள் போய்விடுகிறார், நின்றால் ஆள் வருகிறார். ஐந்தாறு முயற்சிக்குள் பல நாய்கள் யோசிக்க ஆரம்பிப்பதை முகத்திலேயே பார்க்கலாம். தாவப் போய், பாதியில் நிறுத்தி, பின்பக்கத்தைத் தரையில் வைக்கும். அந்த இடத்தில் ஒரு துண்டு போதாது, மூன்றை ஒன்றன்பின் ஒன்றாகப் போடுங்கள்.

காலிங் பெல்லுக்குத் தனிப் பயிற்சி. யாரும் வராத நேரத்தில் பெல்லை அடித்துவிட்டு, கூடத்து மூலையில் விரித்த சாக்கு அல்லது பழைய கால்மிதியின் மேல் தீனியைப் போடுங்கள். நாள்தோறும் சில தடவை இப்படிச் செய்தால், பெல் அடித்தால் வாசலுக்கு ஓடுவதற்குப் பதில் கால்மிதிக்கு ஓடும் நாய் கிடைக்கும். உண்மையான விருந்தாளி வரும்போது கயிறு மாட்டியிருக்கட்டும், அவரிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: "அது நாலு காலில் நிற்கும்வரை பார்க்காதீங்க."

கூப்பிட்டால் வருவது

உயிரைக் காப்பாற்றும் பழக்கம் இது ஒன்றுதான். இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பல நாய்களுக்கு "வா" என்ற சொல் ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கும். வா என்றால் குளியல், கூண்டு, ஊசி, விளையாட்டு முடிவு. கெட்டுப்போன சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை எடுங்கள். "ஓடி வா" என்றோ, ஒரு விசிலோ. அந்தச் சொல்லுக்குப் பின் நாய்க்குப் பிடிக்காதது ஒருபோதும் நடக்கக் கூடாது. குளிப்பாட்ட வேண்டுமா, நீங்கள் போய்ப் பிடித்து வாருங்கள்.

முதலில் வீட்டுக்குள் இரண்டு பேர் இரண்டு மூலையில் உட்கார்ந்து மாறி மாறிக் கூப்பிடுங்கள். வந்ததும் சிறந்த தீனி, மூன்று நாலு துண்டு ஒவ்வொன்றாக. கொடுக்கும்போது இன்னொரு கையால் கழுத்துப் பட்டையைப் பிடித்துவிட்டு விடுங்கள். கை நீண்டாலே நழுவி ஓடும் நாய்களுக்கு இது அவசியம்.

அடுத்து மைதானம். 8 அல்லது 10 மீட்டர் பருத்திக் கயிற்றைக் கட்டி விடுங்கள். கழுத்துப் பட்டையில் கட்டினால் வேகமாக ஓடி நிற்கும்போது கழுத்தில் இழுக்கும், மார்புப் பட்டை நல்லது. நாய் மோந்துகொண்டிருக்கும்போது ஒரே ஒரு தடவை கூப்பிட்டு, நீங்கள் எதிர்த்திசையில் ஓடுங்கள். ஓடும் ஆளைத் துரத்தாத நாய் அரிது. வந்ததும் விருந்து, உடனே "போ" என்று திரும்ப விளையாட அனுப்புங்கள். பத்துத் தடவை கூப்பிட்டால் ஒன்பது தடவை திரும்ப அனுப்ப வேண்டும். அப்போதுதான் வந்தால் ஆட்டம் முடியாது என்று நம்பும்.

வராவிட்டால் பத்துத் தடவை கத்தாதீர்கள். கயிற்றின் நீளத்தைக் குறைத்துப் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். தாமதமாக வந்த நாயை மட்டும் திட்டவே கூடாது, அரை மணி நேரம் அலையவிட்டு வந்தாலும் சரி. திட்டினால் அது வந்ததற்குக் கிடைத்த திட்டு. சாலையோரத்தில் எவ்வளவு பழகிய நாயையும் கயிறில்லாமல் விட வேண்டாம்.

குட்டியின் சிறுநீர்ப் பழக்கம்

சுருக்கமாகவே சொல்லலாம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடியதும் வெளியே தூக்கிப் போங்கள். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. போய் முடித்த அந்த இடத்திலேயே பரிசு. வீட்டுக்குள் வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கிடைத்ததாக எடுத்துக்கொள்ளும். முடித்த உடனே உள்ளே தூக்கி வராமல் கொஞ்சம் விளையாட விடுங்கள். இல்லாவிட்டால் வெளியே இருக்க வேண்டும் என்பதற்காகவே அடக்கிக்கொண்டு நிற்கும். உள்ளே போய்விட்டதா, துடைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். பினாயில் போட்டால் வாசம் நமக்குத்தான் மறையும், நாயின் மூக்குக்கு மறையாது. போட்டாலும் தரை காயும்வரை குட்டியை விடாதீர்கள், பாதத்தை நக்கும்.

பரிசை நிறுத்தும்போது என்ன ஆகும்

மேஜைக்கடியில் முனகும் நாய்க்கு இனி யாரும் எதுவும் போடக் கூடாது என்று முடிவெடுக்கிறீர்கள். முதல் மூன்று நாள் முனகல் குரைப்பாக மாறும், நாலாம் நாள் காலைப் பிராண்டும். பழக்கம் மோசமாகிவிட்டது என்று தோன்றும். பழைய வழியில் கிடைக்காததால் அது குரலை உயர்த்துகிறது, அவ்வளவுதான். இது குறையும் முன் ஏறும். இந்த நேரத்தில் தாத்தா மனம் இரங்கி ஒரு துண்டு போட்டால், நாலு நாள் கத்தினால் கிடைக்கும் என்ற புதுப் பாடம் தயார். தாத்தாவுக்கு வேறு வேலை கொடுங்கள். சாப்பிட்டு முடிந்ததும், கால்மிதியில் படுத்திருக்கும் நாய்க்குத் தன் கையால் ஒரு துண்டு. அவருக்கும் திருப்தி.

அடிப்பது பற்றி ஒரு வார்த்தை. சுருட்டிய பேப்பர், மூக்கைச் சிறுநீரில் தேய்ப்பது எல்லாம் நம் ஊரில் இன்னும் நடக்கிறது. அடித்தால் நின்றுவிடும், நீங்கள் இருக்கும்போது மட்டும். என்ன செய்ய வேண்டும் என்பதை அடி சொல்லித் தருவதில்லை. "தப்பு பண்ணினது அதுக்கே தெரியுது, முகத்தைப் பாருங்க" என்பார்கள். 2009-ல் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் அந்த முகத்தைச் சோதித்தார். தப்பே செய்யாத நாயும், வளர்ப்பவர் திட்டினால் அதே முகத்தைக் காட்டியது. அது நம் கோபத்துக்கு அஞ்சும் முகம்.

உறுமலை மட்டும் எந்தக் காரணத்துக்கும் அடக்காதீர்கள். உறுமல் எச்சரிக்கை. உறுமியதற்கு அடி வாங்கிய நாய் அடுத்த முறை எச்சரிக்காமல் கடிக்கலாம். சாப்பாட்டுத் தட்டருகே உறுமும் நாய் என்றால் தட்டைப் பிடுங்கிப் பழக்குவதை நிறுத்துங்கள். தள்ளி நின்று தட்டில் விழும்படி கோழித் துண்டை எறிந்துவிட்டு நடந்துவிடுங்கள். கடித்த வரலாறு இருந்தால் நீங்களே முயற்சிக்க வேண்டாம், கால்நடை மருத்துவரிடம் போங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் தட்டும் நாயும் மூடிய கதவுக்குப் பின்னால்.

தீனியைத் தொடாத நாய்

பிடித்த தீனியையே திரும்பிப் பார்க்காவிட்டால் காரணம் தேடுங்கள். வயிறு நிறைந்திருக்கலாம், வெயில் அதிகமாக இருக்கலாம், உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். இவை இல்லை என்றால் பெரும்பாலும் பயம். தெருவிலிருந்து வந்த நாய்கள் கையிலிருந்து வாங்கவே பல நாள் எடுக்கும். பக்கவாட்டில் உட்கார்ந்து, கண்ணைப் பார்க்காமல், அதன் பின்பக்கம் விழும்படி எறியுங்கள். விலகிப் போவதும் பரிசு, தீனியும் பரிசு என்று இரண்டும் சேர்ந்து கிடைக்கும்போது திரும்பி வரும் தூரம் தானே குறையும்.

தீபாவளிக்கு நடுங்கும் நாயை அணைத்தால் பயத்துக்குப் பரிசு கொடுத்ததாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. தைரியமாக அணையுங்கள். பயம் ஓர் உணர்வு, அது தீனிக்காகப் போடும் வேஷம் இல்லை. பக்கத்தில் வந்து ஒட்டினால் ஒட்டவிடுங்கள், கட்டிலுக்கடியில் போனால் இழுக்காதீர்கள். பண்டிகைக்கு இரண்டு மாதம் முன்பே பட்டாசுச் சத்தத்தைத் தொலைபேசியில் காதுக்குக் கேட்டும் கேட்காத அளவில் வைத்து, ஒவ்வொரு வெடிக்கும் ஒரு துண்டு ஈரல் போடுங்கள். சத்தத்தைப் பல நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். காதை மடித்தாலோ தீனியை விட்டாலோ அன்றைக்கு அதிகமாகிவிட்டது, குறையுங்கள். போன வருடம் சாப்பிடாமல் கிடந்த நாய், சுவர் ஏறி ஓடிய நாய் என்றால் பயிற்சி மட்டும் போதாது. சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் மாத்திரை பற்றிக் கேளுங்கள், கழுத்துப் பட்டையில் உங்கள் தொலைபேசி எண்ணையும் எழுதி வையுங்கள்.